டைரக்டரியில் கடை இருக்கிறது... கூகுளில் ஏன் இல்லை?
கொடைக்கானல் கடைக்காரர்களுக்கும் விடுதிக்காரர்களுக்கும் ஒரு வழிகாட்டி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டீர்கள். இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. முதல் நாள் எதைத் தேடுவீர்கள்? சொந்தமாகத் தொழில் செய்பவர் என்றால் உங்கள் கடையின் பெயரைத்தான் டைப் செய்து பார்ப்பீர்கள். அங்கேதான் அதிர்ச்சி காத்திருக்கும். "நாலைந்து பிசினஸ் டைரக்டரிகளில் பதிந்து வைத்திருக்கிறேன். கூகுளில் ஒன்றுகூட வரவில்லையே!" என்பீர்கள். அல்லது கடை வரும், ஆனால் அதன் பக்கத்தில் என்றோ திருப்பிக் கொடுத்துவிட்ட பழைய போன் நம்பர் இருக்கும்.

சமவெளியில் இருப்பவர்கள் இதைப் பொறுத்துக் கொள்ளலாம். கொடைக்கானல் போன்ற மலை ஊரில் முடியாது. ஏப்ரல், மே சீசனில் வரும் வருமானத்தை வைத்துத்தான் பல குடும்பங்கள் மழை மாதங்களைத் தள்ளுகின்றன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்தது. அதாவது மலை ஏறும் முன்பே பயணி இன்டர்நெட்டில் உட்கார்ந்து விடுகிறார். அந்த நேரத்தில் உங்கள் பெயர் கண்ணில் படாவிட்டால் அவர் வேறு இடத்தில் புக் செய்துவிட்டுத்தான் கிளம்புவார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மேப்பில் உங்கள் விடுதியின் புள்ளி தவறான வளைவில் இருந்தால், இரவு பனிமூட்டத்தில், சிக்னல் இல்லாத சாலையில் குழந்தைகளோடு ஒரு குடும்பம் சுற்றிக்கொண்டு இருக்கும். எனவே இது வெறும் விளம்பர விஷயம் இல்லை. இதைச் சரி செய்யப் பெரிய கம்ப்யூட்டர் அறிவும் தேவையில்லை. ஒரு நோட்பேடும், ஒரு பிரௌசரும், கொஞ்சம் பொறுமையும் போதும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சைட்டேஷன் என்றால் என்ன?

உங்கள் தொழிலின் பெயர், முகவரி, போன் நம்பர் ஆகிய மூன்றும் சேர்ந்து இன்டர்நெட்டில் வேறொருவரின் பக்கத்தில் இடம் பெற்றால் அதற்கு சைட்டேஷன் என்று பெயர். ஜஸ்ட் டயல், சுலேகா, இந்தியாமார்ட் போன்ற டைரக்டரிகளில் உள்ள பக்கங்கள் எல்லாம் இந்த வகை. ஒரு செய்தித்தாளின் சைட்டிலோ, ஊர் வணிகர் சங்கத்தின் சைட்டிலோ உங்கள் முகவரி வந்தால் அதுவும் சைட்டேஷன்தான். அதில் உங்கள் சைட்டுக்கு லிங்க் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதனால் என்ன பயன்? நீங்கள் நேரில் ஒருவரைப் பற்றி விசாரிப்பது போலத்தான். ஒரே தகவலை நாலு பேர் சொன்னால் நம்புகிறோம். ஆளுக்கு ஒன்று சொன்னால் சந்தேகப்படுகிறோம். சர்ச் என்ஜினும் அப்படியே. உள்ளூர்த் தேடலில் யாரை மேலே காட்டுவது என்பதற்குப் பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. இதில் பிரபலம் என்பதைக் கணக்கிட, இணையத்தில் பிற இடங்களில் உங்களைப் பற்றி உள்ள தகவல்களும் உதவுகின்றன.

ஒரு காலத்தில் டைரக்டரி என்றால் தபால்காரர் கொண்டு வந்து கொடுக்கும் தடிமனான புத்தகம். பிறகு இணைய டைரக்டரிகள் வந்தன. 1994ல் தொடங்கிய யாஹூ டைரக்டரியும், 1998ல் தொடங்கிய டிமோஸ் டைரக்டரியும் மனிதர்கள் உட்கார்ந்து தொகுத்தவை. முதலாவது 2014 இறுதியிலும், இரண்டாவது 2017லும் மூடப்பட்டுவிட்டன. இன்று உங்கள் கடையைப் படித்துப் பார்ப்பது மனிதர் இல்லை, ஒரு புரோகிராம். அந்தப் புரோகிராமுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

சர்ச் என்ஜின் ஏறும் மூன்று படிகள்

டைரக்டரியில் உங்கள் பெயரைச் சேர்த்தவுடன் கூகுளுக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நடுவில் மூன்று படிகள் உள்ளன.

முதல் படி, வருகை. கிராலர் அல்லது ஸ்பைடர் எனப்படும் புரோகிராம் லிங்க்குகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போகிறது. உங்கள் பக்கத்துக்கு எங்கிருந்தும் லிங்க் இல்லை என்றால் அது அங்கே வருவது கடினம்.

இரண்டாம் படி, பதிவேடு. வந்து பார்த்த பக்கத்தைத் தன் இண்டெக்ஸில் சேர்க்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்கிறது. பார்த்த எல்லாப் பக்கங்களையும் சர்ச் என்ஜின் சேர்ப்பதில்லை.

மூன்றாம் படி, பொருத்துதல். "இந்தப் பக்கத்தில் உள்ள கடையும், நான் ஏற்கெனவே அறிந்த அந்தக் கடையும் ஒன்றுதானா?" என்று ஒப்பிடுகிறது. ஒன்று என்று தெரிந்தால்தான் அந்த சைட்டேஷன் உங்கள் கணக்கில் சேரும்.

பெரும்பாலோர் முதல் படியோடு நின்று விடுகிறார்கள். "பதிவு செய்தாயிற்று, இனி அவர்கள் பாடு" என்று விட்டு விடுகிறார்கள். ஆனால் கொடைக்கானலில் அதிகம் வழுக்குவது மூன்றாம் படியில்தான். ஏன் தெரியுமா?

மலை முகவரியில் உள்ள சிக்கல்

முதலில் ஊர்ப் பெயரையே எடுத்துக் கொள்ளுங்கள். தமிழில் கொடைக்கானல் என்று எழுதுபவர் உண்டு, கோடைக்கானல் என்று எழுதுபவரும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு கே போடுபவர், இரண்டு கே போடுபவர், வெறுமனே கொடை என்று நிறுத்துபவர் என்று பல வகை. மூஞ்சிக்கல், நாயுடுபுரம், வட்டக்கானல் ஆகியவற்றுக்கு ஆங்கில ஸ்பெல்லிங் ஆளுக்கு ஒன்று.

அடுத்தது ரோடு. கொடை ரோடு ரயில் நிலையத்தை எல்லோருக்கும் தெரியும். பெயர் கொடை ரோடு. ஆனால் அது இருப்பது கீழே சமவெளியில், அம்மையநாயக்கனூரில். மலைக்கு அங்கிருந்து சுமார் 80 கிலோ மீட்டர் ஏற வேண்டும்! கடை மலை மேல் இருக்க, முகவரியில் "கொடைக்கானல் ரோடு" என்று மட்டும் எழுதினால் உங்கள் கடையை மலை அடிவாரத்துக்கு இறக்கி விட்டீர்கள் என்று அர்த்தம். அதேபோல பழனியில் கொடைக்கானல் ரோடு உண்டு, கொடைக்கானல் பக்கம் பழனி ரோடு உண்டு. லேக் ரோடு என்றால் ஏற்காட்டிலும் ஒன்று இருக்கிறது.

பின்கோடு இன்னொரு குழப்பம். கொடைக்கானலுக்கு 624101. ஆனால் 1899 முதல் இயங்கி வரும் சூரிய ஆய்வுக்கூடத்தின் முகவரியில் கொடைக்கானல் 624103 என்று வரும். இரண்டும் சரிதான். ஏனென்றால் பின்கோடு தபால் அலுவலகத்தைப் பொறுத்தது. அப்சர்வேட்டரி என்பது அந்த நிறுவனத்தின் பெயர் மட்டுமில்லை, அந்தப் பகுதிக்கே அதுதான் பெயராகி விட்டது. அங்கே கடை வைத்திருப்பவர் ஒரு டைரக்டரியில் 624101 என்றும் இன்னொன்றில் 624103 என்றும் கொடுத்தால், சர்ச் என்ஜின் இரண்டு கடைகள் என்று நினைக்க வாய்ப்பு உண்டு.

வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் ஆகியவை தனித் தனி ஊராட்சிகள். ஆனால் வெளியூர்க்காரருக்குப் புரியட்டும் என்று அங்குள்ளவர்களும் "கொடைக்கானல்" என்று மட்டும் எழுதி விடுகிறார்கள். மேப்பில் புள்ளி நகர நடுவில் போய் விழுகிறது. திண்டுக்கல் மாவட்டம் 1985ல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்தது. இன்றும் பழைய லெட்டர்பேடைப் பார்த்து மதுரை மாவட்டம் என்று டைப் செய்பவர்கள் இருக்கலாம். உங்கள் லெட்டர்பேடையும் ஒருமுறை பார்த்து விடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் கடைக்கு "அ ஆ ஸ்டோர்ஸ்" என்று பெயர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று டைரக்டரிகளில் இப்படி இருக்கிறது:

முதலாவதில்: அ ஆ ஸ்டோர்ஸ், நாயுடுபுரம், கொடைக்கானல் 624101. லேண்ட்லைன் நம்பர்.

இரண்டாவதில்: அ ஆ ஹோம்மேட் சாக்லேட் அண்ட் யூகலிப்டஸ் ஆயில், மெயின் ரோடு, கோடைக்கானல். பழைய மொபைல் நம்பர்.

மூன்றாவதில்: அ ஆ டிரேடர்ஸ், கொடைக்கானல் ரோடு, திண்டுக்கல் மாவட்டம். உங்கள் மகனின் மொபைல் நம்பர்.

உங்களுக்கு இது ஒரே கடை. புரோகிராமுக்கு? மூன்று பெயர், மூன்று முகவரி, மூன்று நம்பர். நாலு பேர் சொன்னால்தான் பலம் என்றோம். இங்கே மூன்று பேரும் வெவ்வேறு கடையைப் பற்றிச் சொல்கிறார்கள். மூன்று சைட்டேஷனும் வீண்.

ரோடு என்பதைச் சாலை என்று எழுதியதற்காகவோ, நடுவில் ஒரு கமா விட்டுப் போனதற்காகவோ கவலைப்பட வேண்டாம். அந்த அளவுக்கு சர்ச் என்ஜின்கள் கெட்டிக்காரத்தனம் பெற்றுவிட்டன. பெயர், பின்கோடு, போன் நம்பர் ஆகிய மூன்றும் மாறினால்தான் சிக்கல்.

முதல் வேலை: ஒரே ஒரு முகவரியை முடிவு செய்யுங்கள்

கம்ப்யூட்டரில் நோட்பேடைத் திறந்து கொள்ளுங்கள். கீழே உள்ளவற்றை ஒவ்வொரு வரியாக டைப் செய்யுங்கள்.

1. கடையின் பெயர். பெயர்ப் பலகையில் என்ன இருக்கிறதோ அதுவே. "கொடைக்கானலின் சிறந்த சாக்லேட்" போன்ற விளம்பர வார்த்தைகளைப் பெயரோடு ஒட்ட வேண்டாம். கூகுள் விதிகளின்படி அது தவறு. பதிவு நிறுத்தப்படவும் கூடும்.

2. ஆங்கில ஸ்பெல்லிங். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே எங்கும் பயன்படுத்துங்கள். உரிமத்திலும் வங்கிக் கணக்கிலும் உள்ள ஸ்பெல்லிங்காக இருந்தால் நல்லது. பிறகு சான்று கேட்டால் கைகொடுக்கும்.

3. கதவு எண், தெரு, பகுதி. கதவு எண் இல்லாவிட்டால் அருகில் உள்ள அடையாளத்தை எழுதலாம். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அடையாளம் இருக்கட்டும். ஓரிடத்தில் "ஏழு ரோடு அருகில்", இன்னோரிடத்தில் "பஸ் ஸ்டாண்ட் பின்புறம்" என்று எழுத வேண்டாம்.

4. ஊராட்சி அல்லது நகரம், வட்டம், மாவட்டம், பின்கோடு. பின்கோடு சந்தேகம் என்றால் உங்களுக்குத் தபால் கொண்டு வருபவரைக் கேளுங்கள். அவர் சொல்வதே சரி.

5. போன் நம்பர். ஒரே ஒரு முதன்மை நம்பர். லேண்ட்லைன் என்றால் கொடைக்கானல் எஸ்.டி.டி. கோடு 04542. முன்னால் பிளஸ் 91 சேர்த்தால் பூஜ்யத்தை நீக்கிவிட வேண்டும். இன்னும் பல வருடங்கள் உங்களிடமே இருக்கப் போகும் நம்பரைக் கொடுங்கள்.

6. வெப்சைட் முகவரி, இருந்தால்.

7. பிளஸ் கோடு. இது கூகுள் கொண்டு வந்த முறை. பூமியில் உள்ள எந்த இடத்துக்கும் சில எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு குறியீடு கிடைக்கும். கூகுள் மேப்பில் உங்கள் கடை வாசலைப் பெரிதாக்கிக் கிளிக் செய்தால் அந்தக் கோடு தெரியும். கதவு எண்ணே இல்லாத மலைக் கிராமங்களுக்கு இது வரப்பிரசாதம்.

இந்த ஃபைலை சேவ் செய்து கொள்ளுங்கள். இனி எந்த டைரக்டரியில் பதிந்தாலும் கையால் டைப் செய்யாதீர்கள். இங்கிருந்து காப்பி செய்து, அங்கே பேஸ்ட் செய்யுங்கள். பாதி தவறுகள் இதிலேயே ஒழிந்துவிடும்.

இரண்டாம் வேலை: ஏற்கெனவே எங்கெல்லாம் இருக்கிறீர்கள்?

புதிதாகப் பதியும் முன் பழையதைத் துப்பறிய வேண்டும். குரோம் பிரௌசரில் கண்ட்ரோல், ஷிப்ட், என் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். இன்காக்னிட்டோ விண்டோ திறக்கும். உங்கள் பழைய தேடல்களின் பாதிப்பு இதில் குறைவு.

தேடல் 1: உங்கள் போன் நம்பரை இரட்டை மேற்கோள் குறிக்குள் டைப் செய்து எண்டர் தட்டுங்கள். மேற்கோள் குறி போட்டால் அதே வரிசையில் உள்ளதை மட்டும் தேடு என்று அர்த்தம். முதலில் இடைவெளி இல்லாமல் பத்து இலக்கமும், பிறகு ஐந்து இலக்கத்துக்குப் பின் ஓர் இடைவெளி விட்டும் தேடுங்கள். டைரக்டரிகள் இரண்டு விதமாகவும் எழுதுகின்றன.

தேடல் 2: இதற்கு முன் வைத்திருந்த பழைய நம்பர்களையும் இதேபோல் தேடுங்கள். ஆச்சரியம் இங்கேதான் காத்திருக்கும். விட்டுவிட்ட மொபைல் நம்பர் இன்று வேறு யாரிடமோ இருக்கலாம். உங்கள் வாடிக்கையாளர் அவரைத்தான் அழைத்துக் கொண்டிருப்பார்!

தேடல் 3: கடையின் பெயரை மேற்கோள் குறிக்குள்ளும், பின்கோடைத் தனியாகவும் சேர்த்துத் தேடுங்கள்.

தேடல் 4: ஒரு குறிப்பிட்ட டைரக்டரியில் உள்ள உங்கள் பக்கம் இண்டெக்ஸில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. எஸ், ஐ, டி, இ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, உடனே கோலன் குறி போட்டு, இடைவெளி விடாமல் அந்த டைரக்டரியின் வெப்சைட் பெயரைக் கொடுங்கள். பிறகு ஓர் இடைவெளி விட்டு மேற்கோள் குறிக்குள் உங்கள் கடைப் பெயர். எண்டர் தட்டினால் அந்த ஒரு சைட்டில் மட்டும் தேடிக் கொடுக்கும். பிங் சர்ச் என்ஜினிலும் இதே கட்டளை வேலை செய்யும்.

கிடைத்தவற்றை எல்லாம் எக்ஸெல் ஷீட்டில் எழுதுங்கள். சைட்டின் பெயர், அதில் உள்ள கடைப் பெயர், பின்கோடு, நம்பர், சரியா தவறா என்று ஐந்து காலம் போதும். ஒரு மாலை நேரத்து வேலை இது.

பக்கம் இருக்கிறது, கூகுளில் வரவில்லை. ஏன்?

நான்காவது தேடலில் ஒன்றும் வரவில்லையா? பின்வரும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

காரணம் 1: இன்னும் நேரம் ஆகவில்லை. புதிய பக்கத்தை ஸ்பைடர் பார்க்கச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும்.

காரணம் 2: லாகின் செய்தால்தான் தெரியும் பக்கம். உங்களுக்குத் தெரிகிறது என்பதால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள். பக்கத்தின் முகவரியை இன்காக்னிட்டோ விண்டோவில் பேஸ்ட் செய்து பாருங்கள். அங்கே திறக்காவிட்டால் ஸ்பைடருக்கும் திறக்காது.

காரணம் 3: டைரக்டரியே கதவைச் சாத்தி வைத்திருக்கலாம். அந்தப் பக்கத்தில் இருந்தபடி கண்ட்ரோல், யு அழுத்துங்கள். பக்கத்தின் எச்டிஎம்எல் கோடு திறக்கும். பயப்பட வேண்டாம், படிக்கத் தேவையில்லை. கண்ட்ரோல், எஃப் அழுத்தி, நோஇண்டெக்ஸ் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்தாற்போல் டைப் செய்து தேடுங்கள். ரோபோட்ஸ் என்ற சொல் உள்ள வரியில் அது இருந்தால், "இந்தப் பக்கத்தைச் சேர்க்க வேண்டாம்" என்று டைரக்டரியே சர்ச் என்ஜினிடம் சொல்கிறது. அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள்.

காரணம் 4: பக்கம் காலியாக இருக்கிறது. பெயரும் ஊரும் மட்டும் உள்ள ஆயிரக்கணக்கான பக்கங்களை சர்ச் என்ஜின் ஒதுக்கி விடுகிறது. கடை நேரம், விற்கும் பொருட்கள், சொந்தமாக எடுத்த இரண்டு மூன்று படங்கள், உங்கள் சொந்த நடையில் நாலு வரி விளக்கம் ஆகியவற்றைச் சேருங்கள்.

காரணம் 5: டூப்ளிகேட். உங்கள் கடைக்கு ஒரே டைரக்டரியில் இரண்டு பக்கங்கள். ஒன்று நீங்கள் பதிந்தது. இன்னொன்று யாரோ முன்பே சேர்த்தது. பழையதை "இது உங்கள் பிசினஸா?" என்ற பொருளில் வரும் லிங்க்கைக் கிளிக் செய்து உங்கள் பெயருக்கு மாற்றிக் கொள்ளுங்கள். மற்றதை நீக்கச் சொல்லுங்கள்.

காரணம் 6: நம்பர் மாறியிருக்கிறது. சில டைரக்டரிகள் உங்கள் நம்பருக்குப் பதிலாகத் தங்கள் இடைநிலை நம்பர் ஒன்றைக் காட்டுகின்றன. அழைப்பு அதன் வழியாக உங்களுக்கு வந்து சேரும். அழைப்பு வந்தால் நல்லதுதான். ஆனால் மூன்றாம் படியான பொருத்துதலுக்கு அந்த நம்பர் உதவாது. இங்கே பெயரும், முகவரியும், வெப்சைட்டும் துல்லியமாக இருப்பது இரட்டிப்பு முக்கியம்.

ஒரு விஷயத்தைப் புரிந்து கொள்ளுங்கள். "இந்தப் பக்கத்தை இண்டெக்ஸ் செய்" என்று கூகுளிடம் கேட்கும் வசதி சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் உண்டு. ஆனால் அது சொந்த சைட்டுக்கு மட்டும்தான். டைரக்டரியின் பக்கம் உங்களுக்குச் சொந்தமில்லை. அதனால் அதை நீங்கள் அனுப்ப முடியாது. உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. உங்கள் சொந்தப் பக்கத்திலிருந்து அதற்கு ஒரு லிங்க் கொடுக்கலாம். ஸ்பைடர் அந்த லிங்க்கைப் பிடித்துக்கொண்டு போகும்.

எங்கே பதிவது? எந்த வரிசையில்?

முதலில் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். 2005ல் லோக்கல் பிசினஸ் சென்டர் என்று இருந்து, 2010ல் பிளேசஸ் ஆகி, 2014ல் மை பிசினஸ் ஆகி, 2021ல் இந்தப் பெயருக்கு வந்தது. முற்றிலும் இலவசம். மற்ற சைட்டேஷன்களை ஒப்பிட்டுப் பார்க்க கூகுளுக்கு இதுவே அடிப்படை. பதிந்த பிறகு அது உங்கள் கடைதான் என்று நிரூபிக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெரு, பெயர்ப் பலகை, கடையின் உட்புறம் ஆகியவற்றை வெட்டாமல் ஒரே ஓட்டமாக மொபைலில் எடுக்க வேண்டும். பனி இல்லாத காலை நேரத்தில் எடுங்கள். பெயர்ப் பலகை தெரியாவிட்டால் திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

கவனம்! ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்து, வாடகைக்கு மட்டும் விடும் விடுமுறை வீடுகளுக்கு கூகுள் விதிப்படி பிசினஸ் ப்ரொஃபைல் கிடையாது. அப்படிப்பட்ட காட்டேஜ் வைத்திருப்பவர்களுக்கு டைரக்டரிகளும் புக்கிங் சைட்டுகளும்தான் வழி. அவர்களுக்கு சைட்டேஷன் இன்னும் முக்கியம்.

இரண்டாவது, பிங் பிளேசஸ். கூகுள் ப்ரொஃபைலிலிருந்தே விவரங்களை இழுத்துக் கொள்ளும் வசதி உள்ளதால் வேலை சுலபம். மூன்றாவது, ஆப்பிள் மேப்ஸ். ஐபோன் வைத்திருக்கும் பெங்களூர், சென்னைப் பயணிகளுக்காக இது. நான்காவது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004ல் தொடங்கிய இந்த மேப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். மலைப்பாதை நடப்பவர்கள் பயன்படுத்தும் பல ஆப்கள் இதை வைத்தே இயங்குகின்றன. வட்டக்கானல், பூம்பாறை பக்கம் விடுதி நடத்துபவர்கள் இதை விட்டு விடக் கூடாது.

அதன் பிறகு டைரக்டரிகள். 1996ல் தொடங்கிய ஜஸ்ட் டயல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சுலேகா ஆகியவற்றில் உள்ளூர்ச் சேவைகளைத் தேடுபவர்கள் அதிகம். மொத்தமாகப் பொருள் விற்பவர்களுக்கு இந்தியாமார்ட் ஏற்றது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை மொத்தமாக வாங்க நினைக்கும் வெளியூர் வியாபாரி அங்கேதான் தேடுவார். விடுதி என்றால் பயணச் சைட்டுகள். அவ்வளவே. எண்ணிக்கையைத் துரத்த வேண்டாம். சரியாக உள்ள எட்டுப் பதிவுகள், தாறுமாறாக உள்ள எண்பதை விட மேல்.

சொந்தமாக ஒரு பக்கம் இருந்தால்...

ஒரே ஒரு பக்கம் உள்ள சைட் இருந்தாலும் போதும், எல்லாச் சைட்டேஷன்களையும் முடிச்சுப் போட்டுவிடலாம். நோட்பேடில் உள்ள பெயர், முகவரி, நம்பரை அப்படியே அதில் எழுத்தாகப் போடுங்கள். விசிட்டிங் கார்டை ஸ்கேன் செய்து படமாகப் போட்டால் தெளிவாகப் படிக்கப்படும் என்ற உறுதி இல்லை.

அடுத்து ஸ்கீமா. கூகுள், பிங், யாஹூ ஆகிய மூன்றும் சேர்ந்து 2011ல் உருவாக்கிய குறியீட்டு முறை இது. இதில் லோக்கல் பிசினஸ் என்ற வகையில், "இது கடைப் பெயர், இது பின்கோடு, இது போன் நம்பர்" என்று புரோகிராமுக்குப் புரியும் மொழியில் எழுதி வைக்கலாம். சேம்ஆஸ் என்ற பகுதியில் உங்கள் டைரக்டரிப் பக்கங்களின் முகவரிகளைக் கொடுத்தால், "அங்கே இருப்பதும் நான்தான்" என்று சொன்னதாக ஆகும். சைட் செய்து கொடுப்பவரிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் சேர்த்து விடுவார். பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியாது.

பணம் கேட்டால் உஷார்!

"கூகுளிலிருந்து பேசுகிறோம். பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை மேப்பிலிருந்து நீக்கப்படும்" என்று போன் வந்தால் இணைப்பைத் துண்டியுங்கள். ப்ரொஃபைலுக்குக் கட்டணம் இல்லை. ஓ.டி.பி. கேட்டால் யாருக்கும் சொல்லாதீர்கள். சொன்னால் உங்கள் கடை அவர் கைக்குப் போய்விடும்.

"ஐந்நூறு டைரக்டரியில் பதிந்து தருகிறோம்" என்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. அவற்றில் யாரும் பார்க்காத சைட்டுகள் நிறைய இருக்கும். அவர்கள் பதிந்ததில் ஒரு தவறு நேர்ந்தால் ஐந்நூறு இடத்தில் திருத்த வேண்டும். எந்தப் பாஸ்வேர்டும் உங்கள் கையில் இருக்காது. எப்போதும் உங்கள் சொந்த இமெயில் முகவரியில் பதியுங்கள்.

கேள்வி - பதில்

கே: திருத்தி இரண்டு நாள் ஆகியும் கூகுளில் பழைய நம்பரே வருகிறதே?
ப: ஸ்பைடர் மறுபடி வந்து பார்த்த பிறகே மாறும். சில வாரங்கள் பொறுங்கள். பிறகும் மாறாவிட்டால் எந்த சைட்டில் பழைய நம்பர் மிச்சமிருக்கிறது என்று தேடல் 2ஐத் திரும்பச் செய்யுங்கள்.

கே: டைரக்டரி தரும் லிங்க் நோஃபாலோ வகை என்கிறார்கள். பயன் உண்டா?
ப: உண்டு. லிங்க்குக்கான மதிப்பு குறையலாம். ஆனால் பெயர், முகவரி, நம்பர் ஆகியவை எழுத்தாக அங்கே இருக்கின்றன. அதைப் படிக்கத் தடை இல்லை.

கே: கடையை மூஞ்சிக்கல்லிலிருந்து நாயுடுபுரத்துக்கு மாற்றிவிட்டேன். புதிதாகப் பதியவா?
ப: வேண்டாம். பழைய பதிவிலேயே முகவரியைத் திருத்துங்கள். புதிது போட்டால் டூப்ளிகேட் ஆகும். இதுவரை கிடைத்த விமர்சனங்களும் போய்விடும்.

கே: மழைக் காலத்தில் இரண்டு மாதம் மூடுவேன். பதிவை நீக்கலாமா?
ப: நீக்காதீர்கள். தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது என்று குறிக்கும் வசதி கூகுளில் உண்டு. திறக்கும் நாளில் மறக்காமல் மாற்றி விடுங்கள். மாற்ற மறந்தால் சீசனிலும் மூடிய கடையாகவே தெரிவீர்கள்.

கே: இவ்வளவும் செய்தால் முதலிடம் வருமா?
ப: அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தேடுபவர் எங்கே நிற்கிறார் என்ற தூரமும் கணக்கில் வரும். ஆனால் உங்கள் பெயரைத் தெரிந்துகொண்டு தேடி வருபவருக்குச் சரியான வாசலும் சரியான நம்பரும் கிடைக்கும். அதை மட்டும் நீங்கள் உறுதி செய்துகொள்ளலாம்.

சீசன் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே, அதாவது பிப்ரவரியில், இந்த வேலையை ஆரம்பியுங்கள். அப்போதுதான் ஸ்பைடர் வந்து பார்த்துத் திருத்திக் கொள்ள நேரம் இருக்கும். இப்போது இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, பிரௌசரைத் திறந்து உங்கள் நம்பரை மேற்கோள் குறிக்குள் போட்டு எண்டர் தட்டிப் பாருங்கள். அடுத்து எங்கே கை வைக்க வேண்டும் என்று திரையே சொல்லிவிடும்.